பெல்ற்றுக்கு வேலி

ஞானாம்பிகை ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். அதுதான் பிறகு நெடுநாளாகப் பாலேஸ்வரியின் மனதில் நின்றது. சுன்னாகம் ஸ்ரேசனுக்குப் பின்னால் போகிற செம்மண் ஒழுங்கையில், பங்குனி வெயில் சுட்டெரித்த ஒரு மத்தியானம், அவள் தோளால் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தாள்.

பாலேஸ்வரி அடுப்படி வாசலில் இருந்து ஒடியல் மா அரித்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை ஏதோ பண்டம் கொண்டு வருகிறாள், கை நிறைய இருப்பதால்தான் தோளால் தள்ளுகிறாள் என்று நினைத்து, "என்னக்கா கொண்டு வாறியள்?" என்று கேட்டாள். கிட்ட வந்தபோதுதான் கைகளில் ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. முழங்கை வரைக்கும் இரத்தம் காய்ந்து, அதன்மேல் உமி ஒட்டியிருந்தது.

"இது என்ரையில்லை," என்றாள் ஞானாம்பிகை. "இரத்தினத்தின்ரை. அவளை முதலாளியின்ரை காரிலை ஏத்தியாச்சு. நீ சீலையை மாத்திக்கொண்டு வெளிக்கிடு."

இரத்தினம்மா பாலேஸ்வரியின் தங்கை. தாய் தகப்பன் இல்லாத பெட்டை. பத்தொன்பது வயது. தமக்கை கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளோடும் அத்தான் முருகேசுவோடும்தான் இருந்தாள். முருகேசு, முதலாளி பரமலிங்கத்தாரின் நெல்லு மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவன். அவன் சொல்லித்தான் அவளையும் அங்கே புடைக்கிற வேலைக்கு எடுத்தார்கள். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பழஞ்சோறு தின்றுவிட்டு ஒன்றாகப் படலையைக் கடந்து போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள்.

மில்லில் இரத்தினம்மாவோடு நெல்லுப் புடைக்கிற ஞானாம்பிகை, வாடகைக் கார் வரும்வரை நின்று நடந்ததைச் சொன்னாள். எஞ்சினிலிருந்து அரைக்கிற மெசினுக்கு ஓடுகிற பெல்ற் இடுப்பு உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே குறுநெல் சிந்திக் குவியும். அதைக் கூட்டி அள்ளுவதும் இரத்தினம்மாவின் வேலை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கூட்ட நேரமில்லை என்பதால் எல்லாரும் ஓடுகிற பெல்ற்றின் கீழ் குனிந்துதான் கூட்டுவார்கள். தூசிக்குத் தலையில் கட்டியிருந்த துவாயின் முனை அவிழ்ந்து பெல்ற்றில் பட்டது. அவள் துவாயை விட்டிருக்கலாம். விடாமல் வலக்கையால் எட்டிப் பிடித்து இழுத்தாள். பெல்ற் கையையும் கொண்டு சில்லுக்குள் போனது. முருகேசு எஞ்சினுக்கு மற்றப் பக்கத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் ஓடி வந்து நிற்பாட்டுவதற்குள் சில்லு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது.

பாலேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே அரித்த மாவை மறுபடியும் அரித்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை வந்து அவளுடைய கையிலிருந்து அரிதட்டை வாங்கி வைக்கவேண்டியிருந்தது.

ஆசுப்பத்திரியில் அன்று பின்னேரமே கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் இரத்தினம்மா கண் விழிப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் தமக்கையைப் பார்த்து, வழக்கமான குரலில், வீட்டில் எதையோ தேடுகிறவள் போலக் கேட்டாள்.

"அக்கா, என்ரை கையை எங்கை வைச்சவை?"

பாலேஸ்வரி அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. ஆனால் அது எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்.

"தெரியாது பிள்ளை," என்றாள்.

"அதிலை அஞ்சு காப்புக் கிடந்தது," என்றாள் இரத்தினம்மா. பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குத் திரும்புகையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பாலேஸ்வரி ஸ்ரேசன் சந்தியில் அப்படியே நின்றுவிட்டாள். மில் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த கிழவனிடம் எந்த மில் என்று கேட்டாள். இங்கே வேறே எந்த மில் இருக்கிறது என்று அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். முந்தநாளே ஓடத் தொடங்கிவிட்டதாம்.

அவள் நேரே மில்லுக்குப் போனாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். எஞ்சினுக்குப் பக்கத்தில் முருகேசு நின்றான். பெல்ற் ஓடிக்கொண்டிருந்தது. கறுத்து, எண்ணெய் மினுங்கி, யாருக்கும் ஒன்றும் நடவாதது போல ஓடியது. அதன் கீழே வேறொரு பெட்டை குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வந்தவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். ஸ்ரேசனில் இரண்டு றெயில் வாகன் நெல் வந்து கிடக்கிறது, இறக்கி அரைக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள், தான் போகாவிட்டால் வேறொருவன் ஓட்டுவான் என்றான். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் குளித்தான். சோறு போட்டு வைத்ததைத் தொடவில்லை. விபத்து நடந்த நாள் முதல் அவன் தேத்தண்ணீரில்தான் நாளைப் போக்கினான். தங்கச்சி போல வளர்த்த பெட்டை, அந்தத் துக்கம் என்றுதான் பாலேஸ்வரி எண்ணியிருந்தாள்.

அடுத்த நாள் பரமலிங்கத்தார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். அவர் கெட்ட மனிதர் அல்ல. காரின் இருக்கையில் இரத்தம் ஊறிய பஞ்சை மாற்றுகிற நினைப்புக்கூட இன்னும் அவருக்கு வரவில்லை என்று ஊரில் சொன்னார்கள். பிள்ளையைத் தன் மடியில் கிடத்திக்கொண்டு போனவரும் அவர்தான். ஆனால் அன்று அவருடைய முகத்தில் துக்கத்தைவிடப் பயம்தான் கூடத் தெரிந்தது.

ஆசுப்பத்திரியிலிருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள், கொழும்பிலே அரசாங்கத்தின் தொழிற் கந்தோரிலிருந்து ஒருவர் நாளைக்கு வந்து விசாரிக்கப் போகிறார் என்றார். மில்லைப் பூட்டச் சொன்னால் முப்பது குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். இரத்தினம்மாவைத் தான் ஒருநாளும் கைவிடப் போவதில்லை, இருந்துகொண்டு செய்கிற வேலை ஏதும் கொடுப்பார் என்றார். கடைசியில் தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"நீ ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவையில்லை முருகேசு. கூடு போட்டுத்தான் கிடந்தது, பிள்ளை சொல்லுக் கேளாமல் உள்ளுக்கை கையை விட்டிட்டுது. அவ்வளவுதான்."

பாலேஸ்வரி கதவோரம் நின்றாள். "என்ன கூடு?" என்று கேட்டாள்.

பரமலிங்கத்தார் அவளைப் பார்க்கவில்லை. முருகேசுவைப் பார்த்தார். பிறகு எழுந்து, பழத்தைப் பிள்ளைக்குக் கொடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் முருகேசுவிடம் மறுபடி கேட்டாள். அப்போது சொன்னான். எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டிய கொம்பனிக்காரர் பெல்ற்றைச் சுற்றிப் பலகையால் ஒரு கூடு அடித்துக் கொடுத்திருந்தார்கள். எட்டு மரையாணியால் திருகிப் பூட்டியது. போன ஐப்பசி மழையில் பெல்ற் நனைந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழன்றது. ஒவ்வொரு தரமும் எட்டு ஆணியையும் கழட்டி, பெல்ற்றை ஏற்றி, திரும்பப் பூட்டவேண்டும். நெல்லுக்காரர் வாசலில் நின்று ஏசினார்கள். ஒரு நாள் கூட்டைக் கழட்டி மூலையில் சாத்தினான். முதலாளி கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் கண்டார். அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

"அந்தப் பலகை இப்ப எங்கை?"

அவன் அடுப்படியைப் பார்த்தான். அவளும் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே, புகையில் கறுத்துப்போன பரணில், ஒடியலும் புளியும் மிளகாயும் கட்டி வைத்த பானைகள் வரிசையாக இருந்தன. மழைக்காலத்தில் வைக்க இடமில்லை என்று அவள்தான் அவனை நச்சரித்துப் பரண் போடச் செய்தவள். மில்லிலே சும்மா கிடந்த பலகை என்று அவன் சொன்னான். நல்ல தடித்த பலகை என்று அவள் அயலுக்கெல்லாம் காட்டினாள்.

அவள் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஐந்து மாதமாக அந்தப் பரணின் கீழ் நின்று சமைத்ததை, அதே அடுப்பில் வடித்த சோற்றை இரத்தினம்மா அந்தக் கையால் தின்றுவிட்டுப் போனதை, ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று மாத்திரம் கேட்டாள்.

அவன் எழும்பிப் படலையடிக்குப் போனான்.

தொழிற் கந்தோர்க்காரர் காலை றெயிலில் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே மில்லுக்கு வந்தார். செபநாயகம் என்று பெயர். ஒல்லியான மனிதர், கோட்டுப் போட்டிருந்தார், தமிழ் நன்றாகக் கதைத்தார். எஞ்சினை நிற்பாட்டச் சொல்லி, வேலையாட்கள் எல்லாரையும் நெல் காயப்போடுகிற தளத்தில், சுவர் நிழலில் இருத்தினார். பாலேஸ்வரி ஞானாம்பிகைக்குப் பின்னால் போய் நின்றாள்.

விசாரணைக்கு முன்னம் அவர் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். ஓடுகிற மெசினின் ஆபத்தான பாகம் எதுவானாலும் அதற்கு வேலி இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். வேலி என்றதும் இரண்டொரு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போனால் மல்லாகம் கோட்டில் வழக்குப் போடுகிற ஊர் அது. வீட்டுக்கும் வளவுக்கும் கிணற்றுக்கும் வேலி உண்டு. பெல்ற்றுக்கு வேலி என்பதை அவர்கள் அன்றுதான் கேட்டார்கள்.

கேட்கவேண்டியதைக் கேளுங்கள் என்றார் அவர். பரமலிங்கத்தார் பக்கத்தில் கதிரையில் இருந்தார். ஞானாம்பிகைதான் முதலில் எழும்பினாள்.

"நாங்கள் நாட்கூலி ஐயா. மாதச் சம்பளக்காரரில்லை. சட்டம் எங்களையும் சேர்க்குமோ?"

"மெசினுக்கு ஆர் நாட்கூலி எண்டு தெரியாது அம்மா," என்றார் அவர். "சட்டமும் அதைக் கேக்கேல்லை."

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். உமித் தூசியால் நெஞ்சு இரைக்கிறது, அதற்கு ஏதும் உண்டோ என்று ஒருத்தி கேட்டாள். நெல் அவிக்கிற இடத்தில் கால் வெந்தால் யாருக்குச் சொல்வது என்று ஒருவன் கேட்டான். வேலையாள் கவனமில்லாமல் இருந்தால் பிழை யாருடையது என்று மூட்டை தூக்குகிறவன் கேட்டபோது பரமலிங்கத்தார் நிமிர்ந்து பார்த்தார். கவனமில்லாத நாள் ஒன்று எல்லாருக்கும் வரும், அந்த நாளுக்காகத்தான் வேலி என்றார் செபநாயகம். கடைசியாக, இப்போது பெல்ற்றின் கீழ் கூட்டுகிற அந்தப் பெட்டை, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"பெல்ற் ஓடேக்கை கூட்டச் சொன்னால், மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

அவர் பேனையை மூடினார். திரும்பத் திறந்தார். "சொல்லலாம் பிள்ளை. சொன்ன பிறகு உனக்கு வேலை இருக்குமோ எண்டு கேட்டால், அதுக்கு என்னட்டை இண்டைக்கு மறுமொழி இல்லை," என்றார்.

பிறகு விசாரணை தொடங்கியது. கூடு போட்டுத்தான் இருந்தது என்று பரமலிங்கத்தார் சொன்னார். இப்போது ஏன் இல்லை என்று கேட்டதற்கு, விபத்தில் உடைந்துபோய்விட்டது, நெல் அவிக்கிற அடுப்புக்கு எரித்துவிட்டோம் என்றார். செபநாயகம் எழுதிக்கொண்டார். அடுத்து முருகேசுவைக் கூப்பிட்டார்.

முருகேசு முன்னால் போய்க் கைகட்டி நின்றான். அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்றுதான் பாலேஸ்வரி நினைத்தாள். விடியப்புறம் அவன் திருநீறு பூசிக்கொண்டு நெடுநேரம் நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

"ஓம் ஐயா. கூடு கிடந்தது," என்றான் அவன். "அவள்தான் கேளாமல் கையை விட்டவள்."

ஞானாம்பிகை பாலேஸ்வரியைத் தேடித் திரும்பினாள். அங்கே அவள் இல்லை.

ஒழுங்கையில் போனது அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து, பானைகளை இறக்கி முற்றத்தில் வைத்தாள். இரண்டு பானை உடைந்தது. உலக்கையால் இடித்துப் பரணைக் கழற்றினாள். ஐந்து பலகை. சும்மாடு கோலித் தலையில் ஏற்றி, படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெங்காயக்காரர், வண்டிக்காரர், தபாற் கந்தோர் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பலகை பாரம் கழுத்தை அமுக்கியது. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

மில் தளத்தில் செபநாயகம் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய் அவருடைய மேசைக்கு முன்னால் பலகைகளை இறக்கிப் போட்டாள். ஒரு பக்கம் அடுப்புப் புகையில் கறுத்திருந்தது. மற்றப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. ஆணித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இதுதான் ஐயா அந்தக் கூடு," என்றாள். "எரிக்கேல்லை. போன ஐப்பசி தொடக்கம் என்ரை அடுப்படியிலை பரணாய்க் கிடந்தது. என்ரை தங்கச்சி சொல்லுக் கேளாமல் கையை விடேல்லை."

"நீங்கள் ஆர்?"

அவள் முருகேசுவைப் பார்க்காமல், "இவரின்ரை பெண்சாதி," என்றாள்.

செபநாயகம் ஒரு பலகையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பெல்ற்றுக்குப் பக்கத்தில் நிலத்தில் பதித்த இரும்புச் சட்டம் அப்படியே இருந்தது. பலகையை அதோடு சேர்த்துப் பிடித்தார். துளைக்கு நேரே துளை வந்தது. பரமலிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பவில்லை.

முருகேசுவின் குரல் அப்போதுதான் வந்தது. அது யாருடையதோ குரல் போல இருந்தது.

"நான்தான் கழட்டினனான். முதலாளி பாத்தவர். இஞ்சை எல்லாரும் பாத்தவை."

"ஓம். நானும் பாத்தனான்," என்றாள் ஞானாம்பிகை. ஒருவரும் அதை மறுக்கவில்லை.

கழட்டினவனிடம் சட்டம் பிறகுதான் வரும், கழட்டின மெசினை ஓட விட்டவரிடம்தான் முதலில் வரும் என்று செபநாயகம் சொன்னார். வேலி போடும்வரைக்கும் எஞ்சினைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்னேர றெயிலில் போனார். பரமலிங்கத்தாருக்குக் கோட்டில் தண்டம் விழுந்தது. இரத்தினம்மாவுக்குச் சட்டப்படி வரவேண்டியதும் வந்தது. மில் பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் வேலையில்லாமல் இருந்தவர்களில் சிலர் பாலேஸ்வரியைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனார்கள். புருசனைக் காட்டிக்கொடுத்தவள் என்று கிணற்றடியில் கதைத்தது அவளுடைய காதிலும் விழுந்தது.

முருகேசுவை வரவேண்டாம் என்று பரமலிங்கத்தார் சொல்லவில்லை. அவனாகத்தான் போகவில்லை. புகையிலைத் தோட்டங்களில் கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கப் போனான். விடிய முன்னம் போய், துலாவில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கால் கடுத்து வெயில் ஏற வருவான். வீட்டில் அவனும் அவளும் கதைக்கவில்லை. அவள் போட்டதைத் தின்றான். அவன் கொண்டுவந்த மரக்கறியை அவள் சமைத்தாள். அடுப்படியில் பரண் இருந்த இடத்தில் புகை படாத சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

சித்திரை முடிவில் இரத்தினம்மா வீட்டுக்கு வந்தாள். பலகையைப் பற்றி ஞானாம்பிகை ஆசுப்பத்திரியிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தாள். அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குப் பெரிய கரைச்சலாய் இருந்தது சாப்பிடுவதுதான். இடக்கையால் தின்ன அவளுக்கு வெட்கம், அருவருப்பு. தமக்கை ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்திருந்து இரண்டு வாய் அள்ளிப் போடுவாள். உடம்பு கரைந்துகொண்டு போயிற்று.

ஒரு நாள் காலமை முருகேசு துலா மிதித்துவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, அவள் இருந்த மூலைக்கு எதிரே வந்து இருந்தான். பாலேஸ்வரி குரக்கன் புட்டும் சம்பலும் வைத்தாள். அவன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, இடக்கையால் புட்டை அள்ளினான். பாதி தாடியில் சிந்தியது. மறுபடி அள்ளினான். சம்பல் மூக்கில் பட்டது. அவன் சிரிக்கவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது முடியும்வரை தின்றான். மத்தியானமும் அப்படித்தான். அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் இரத்தினம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தான், விரலைச் சேர்த்துப் பிடியுங்கோ. அப்பதான் சிந்தாது," என்றாள். சொல்லிவிட்டுத் தன் கோப்பையை முன்னால் இழுத்தாள். பாலேஸ்வரி கிணற்றடிக்குப் போய், துலா வாளியோடு கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தாள். அன்று பின்னேரம் அவள் புருசனோடு முதல் முதலாகக் கதைத்தாள். தண்ணி இறைச்ச கால் வீங்கிக் கிடக்கு, எண்ணெய் போடுங்கோ என்றாள்.

வைகாசியில் சோளகக் காற்று எழும்பிய ஒரு நாள், இரத்தினம்மா மில்லைப் பார்க்கவேண்டும் என்றாள். பாலேஸ்வரி வேண்டாம் என்றாள். இரத்தினம்மா கேட்கவில்லை, சட்டையின் வெறுங்கையை மடித்துக் குத்திக்கொண்டு படலையடியில் போய் நின்றாள். தனியே விட முடியாமல் தமக்கையும் போனாள்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுளகை நிறுத்தினார்கள். பரமலிங்கத்தார் எழும்பி வந்தார். "வா பிள்ளை," என்றார். பெல்ற்றைச் சுற்றி இப்போது இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து, பச்சைப் பெயின்ற் பூசியிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அவர் சொன்னார்.

இரத்தினம்மா வலைக்குக் கிட்டப் போனாள். உள்ளே பெல்ற் காற்றை வீசிக்கொண்டு ஓடியது. பாலேஸ்வரி அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அவள் இடக்கையின் விரலை வலையின் ஒரு கண்ணில் வைத்து அழுத்திப் பார்த்தாள். போகவில்லை. அடுத்த கண். அதிலும் போகவில்லை. அப்படியே ஒவ்வொரு சட்டமாக, மேலிருந்து கீழ்வரை, மூலை மூலையாகத் தடவிக்கொண்டு போனாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. சில்லின் பின்பக்கம் போய், நிலத்தோடு குந்தியிருந்தாள். அங்கே வலையின் அடிக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் குறுநெல் குவிந்திருந்தது. குறுநெல்லைப் புறங்கையால் ஒதுக்கினாள். கையைத் தட்டையாக வைத்து மெல்ல உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று.

பாலேஸ்வரி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இரத்தினம்மா கையை எடுத்துக்கொண்டாள். எழும்பாமல், குந்தியபடியே பரமலிங்கத்தாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சை ஒரு கை போகுது," என்றாள்.